முன்னறையில் பெற்றோல் மணம்

கொழும்புத்துறையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் கணவரின் பழைய மோட்டார் சைக்கிள் நிற்கும். போர்த்தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராத காலம். எல்லோரையும் போல அவரும் மண்ணெண்ணெயில்தான் ஓடினார். ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் சில சொட்டுப் பெற்றோல் வேண்டும். அதைக் கண்மருந்துப் போத்தலில் அடைத்து, கிணற்றடிக் கொட்டிலில் வைத்திருந்தார்.

முதற்பிள்ளை எனக்கு வயிற்றில். ஒரு காலை முன்னறைக்குள் வந்ததும் பெற்றோல் மணம் அடித்தது. மண்ணெண்ணெய் மணம் பழகிப்போனதுதான், இது வேறு.

"இஞ்சருங்கோ, பெற்றோல் மணக்குது."

"பெற்றோல் எங்கை கிடக்கு மணக்க? உமக்கு இப்ப எல்லாம் மணக்கும்."

அவருடைய அப்பா வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இயந்திரப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்று தடை வந்தபின் மாமாவுக்குக் கரையில் நின்று இழுக்கும் கரைவலை வேலைதான். எங்கள் பேச்சுக்கு அவர் தலை நிமிரவில்லை.

அடுத்த நாளும் மணத்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிச் சத்தி எடுத்ததைக் கண்டபிறகுதான் கணவர் வண்டியை முற்றத்துக்கு உருட்டினார். கண்மருந்துப் போத்தலைப் பார்த்தோம். மூடி இறுக்கமாக இருந்தது. எண்ணெய்த் தாங்கியின் அடியைத் துடைத்து, முகப்பவுடர் தூவினார். கசிந்தால் பவுடர் நனைந்து தடம் காட்டும். குழாய், கார்பரேற்றர் எல்லாவற்றிலும் தூவினார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"பாத்தீரோ? ஒண்டுமில்லை."

எனக்குக் கோபம் வந்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து, முன்சில்லிலிருந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இருக்கைக்குக் கீழே, பக்கத்துத் தகட்டு மூடியருகே மணம் மூக்கில் குத்தியது.

"இதைக் கழட்டுங்கோ."

மாமா எழுந்து வந்தார். "தம்பி, அதை விடு. அது நான் வைச்சது."

அதற்குள் கணவர் கழற்றிவிட்டார். மூடிக்குள், பற்றரியோடு ஒட்டி, சீலையில் சுற்றிய மருந்துப் போத்தல் ஒன்று. அதன் றப்பர் மூடி பெற்றோலில் ஊறிக் கொழகொழத்திருந்தது. உள்ளே பாதிதான் மிச்சம்.

"உங்களுக்கென்ன விசரே? பற்றரிக்குப் பக்கத்திலை! நான் எரிஞ்சு போயிருப்பன்!" என்று கணவர் கத்தினார்.

"படகு எஞ்சினிலை கடைசியா மிஞ்சினது. இந்தப் பிள்ளைக்குப் பேற்று நோ வரேக்கை இது ஸ்டார்ட் ஆகாட்டி என்ன செய்வாய்? வீட்டிலை வைச்சால் நீ எடுத்து ஊத்திப்போடுவாய். பற்றரியை யோசிக்கேல்லை."

எடுத்து ஊற்றியிருப்பார் என்பது கணவருக்கே தெரியும். எனக்குத்தான் அழுகை வந்தது. எதற்கென்று அவர்கள் இருவருக்கும் விளங்கவில்லை. மிச்சத்தை நல்ல மூடியுள்ள போத்தலுக்கு மாற்றி, கொட்டில் மூலையில் மண்ணுக்குள் புதைத்தார்கள்.

நோ வந்தபோது மத்தியானம். கண்மருந்துப் போத்தல் காய்ந்து கிடந்தது. மாமா மண்ணைக் கிளறி எடுத்துவந்து, தானே கார்பரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். மூன்றாம் உதையில் வண்டி பிடித்தது. குண்டும் குழியுமான தெருவில் கணவரின் இடுப்பைப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்னால் மாமா சைக்கிளில் வந்தார், உடுப்புப் பையும் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக.

பொழுதுபடும் நேரத்தில் மகள் பிறந்தாள். மாமா அவளைக் கையில் வாங்கி, நெற்றியில் சிலுவை போட்டார். "நல்ல கனம்," என்றார்.