மெஷின் கண்ணில் வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்துவிட்டேன். எட்டாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது காலடிப்பேட்டையில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டோடு இருந்தார். வாசல் அறையில் டி.வி. கேம் கடை போடப் போகிறேன், இதுதான் எனக்குப் பிழைப்பு என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அப்போது தெருவில் இருந்ததெல்லாம் கேசட் மெஷின். படம் வராவிட்டால் கேசட்டை வாயால் ஊதி மறுபடி சொருகுவார்கள். மாமா வாங்கி வந்ததோ சி.டி. மெஷின். அதில் பொம்மைகள் ஆள் மாதிரியே நடந்தன. அடி விழுந்தால் கையில் பிடித்த ஜாய்ஸ்டிக் அதிர்ந்தது. மூடியைத் திறந்து உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடியைக் காட்டினார். அதுதான் இதற்குக் கண், சி.டி.யைப் பார்த்துப் படிக்கும், விரல் படக் கூடாது என்றார்.

விஜயதசமி அன்று கடை திறப்பு. அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜைக்கு, சாத்தாங்காட்டில் வெல்டிங் வேலை பார்த்த அப்பாவின் சாமான்களோடு அந்த மெஷினையும் வைத்தோம். சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. மற்ற சாமான்களுக்கெல்லாம் மேல்பக்கத்தில் வைத்தேன். இந்த மெஷினுக்கு உயிரே கண்ணில்தானே இருக்கிறது, அங்கே வைக்காமல் விடலாமா? விரல் படக் கூடாதென்று ஊதுவத்திக் குச்சியால் சந்தனத்தைத் தொட்டு, கண்ணாடியின் நட்டநடுவில் அழகாக வைத்தேன்; அதன்மேல் குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடமாட்டோம். அதற்குள் அது காய்ந்து இறுகிவிட்டது.

காலையில் தெருப் பையன்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். டி.வி. கறுப்பாகவே நின்றது. மூடியைத் திறந்த மாமா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பஞ்சால் துடைத்தார், கண்ணாடி கீறிப்போனது. வேறு வழியில்லாமல் பழைய கேசட் மெஷின் ஒன்றை இழுத்து வந்து மாட்டி, கேசட்டை ஊதிச் சொருகினார்.

“இன்னா மாமு, சி.டி. கேமுன்னு கூப்ட்டுகினு வந்து நீயும் ஊதிகினு கீற?” என்றான் ஒருவன். சிரித்துக்கொண்டே எல்லோரும் எழுந்து போனார்கள்.

அம்மா கையை ஓங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மாமா குறுக்கே வந்து நின்றார்.

“நான்தான்கா வெக்கச் சொன்னேன். கொயந்தய இன்னாத்துக்கு அடிக்கற?”

அவர் சொல்லவே இல்லை. அம்மா அவரைத் தண்டச்சோறு என்றாள், இன்னும் என்னென்னவோ சொன்னாள். நான் மாமாவின் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரமே மாமா மணலியில் டேங்கர் லாரிக்குக் கிளீனராகப் போனார்.

இன்று என் மகன் வைத்திருக்கும் மெஷினுக்கு ஒயரும் இல்லை, சி.டி.யும் இல்லை; விளையாட்டு நெட்டிலேயே வந்து இறங்குகிறது. திறந்து பார்க்க மூடிகூட இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் தலை குனிந்துவிடுகிறது.

மாமா திட்டு வாங்கிய அன்று சாயங்காலம் நான் கற்பூரம் ஏற்றினேன். அம்மன்தான் மாமாவின் வாயில் புகுந்து என்னைக் காப்பாற்றினாள் என்று நினைத்து, அவளுக்கு நன்றி சொன்னேன். பக்கத்திலேயே உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த மாமாவுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதைப் படித்தவர்கள் யாருக்காவது சொன்னால், சின்னப் பெண்தானே என்று எனக்காக என் தப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.