பனிப்புயலுக்கு ஒரு மன்றாட்டு

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகிலுள்ள எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறுதோறும் மன்றாட்டு வாசிப்பவர் ஒரு பெரியவர். கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். ஒவ்வொரு மன்றாட்டும் முடிந்ததும் கண்ணாடிக்கு மேலால் எங்களை ஒரு பார்வை பார்ப்பார். செயற்கை நுண்ணறிவைக் கொண்டுதான் அவற்றை எழுதுகிறார் என்று கேள்விப்பட்டு, பூசை முடிந்ததும் அவரை மறித்தேன்.

“ஆத்துமா இல்லாத சாமான் செபம் எழுதலாமோ?”

“போன கிழமை மூண்டாவது மன்றாட்டு என்ன, சொல்லுங்கோ பாப்பம்?”

எனக்கு நினைவில்லை.

“‘பனிப்புயலில் சிக்கிய எங்கள் மீனவர்களுக்காக.’ மெஷின் பிழையா எழுதினது. நானும் பார்க்காமக் கொண்டுவந்திட்டன். வாசிக்கேக்க எனக்கு வேர்த்துக் கொட்டுது. நீங்கள் எல்லாரும் ‘ஆண்டவரே, கேட்டருளும்’ எண்டு சொன்னீங்கள். உங்கட சத்தம்தான் பெரிசு.”

“யோசிக்காமச் சொன்னனான்.”

“அதுவும் யோசிக்காமத்தான் எழுதினது. அதுக்கு ஆத்துமா இல்ல, விடுங்கோ. உங்களுக்கு?”

அடுத்த ஞாயிறு ஒரு சொல்லும் தவறவிடுவதில்லை என்ற வைராக்கியத்தோடு முன்வரிசை வாங்கில் உட்கார்ந்தேன். மூன்றாவது மன்றாட்டு முடிந்ததும் அவர் கண்ணாடிக்கு மேலால் என்னையே பார்த்தார். என்ன வாசித்தார் என்று நான் யோசிக்கத் தொடங்குவதற்குள், என் வாய் ‘கேட்டருளும்’ என்று சொல்லி முடித்திருந்தது.