அழுத்திப் பிடித்த பொத்தான்

இதை எழுதாமல் விடத்தான் இருந்தேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு எழுதுவதென்றால் பஞ்சி, கை சோம்பும். வாயால் சொன்னாலோ, என் பகிடிகளைக் கேட்டுப் பழகியவர்கள் இதற்கும் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு குளிர்காலம் மொன்ட்ரியால் பக்கம் கர்க்லாண்டில் வீட்டுப் படிகளில் சவளால் பனி அள்ளினேன். வேலை தந்த அண்ணை, பிக்கப் ட்ரக்கின் முன்னால் தகடு பூட்டி வீட்டு வாசல்களில் பனி தள்ளுபவர். ட்ரக்கை ஓட்டுவது அவருடைய மனைவியின் தம்பி. அவன் என் கூட்டாளி. அவன் ஹீற்றருக்கு முன்னால் கோப்பி குடிப்பான், நான் வெளியில் மூக்கு ஒழுக நிற்பேன். இந்த வருடம் அண்ணை இரண்டாவது ட்ரக் வாங்கினார்.

"இதின்ர திறப்பு உனக்குத்தான்டா. ஒழுங்கா ஓடு" என்று சாவியைக் கையில் வைத்தார்.

படுக்கும்போதும் அந்தத் திறப்பைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன்.

முதல் பனி கணுக்கால் அளவுக்கு விழுந்தது. பெரிய பனி அன்றிரவு வரும் என்றார்கள். அந்த ஞாயிறு காலை, தகடு பூட்டுவதற்காக ட்ரக்கை அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பக்கத்தில் கூட்டாளி. வழியில் ஒரு தளபாடக் கடை பூட்டிக் கிடந்தது. அதன் வெறும் கார் பார்க்கைக் கண்டதும் துள்ளினான்.

"மச்சான், உள்ளுக்க விடு. ஒரு சுத்துச் சுத்துவம்."

"உன்ர அத்தான் பிறகு என்னைச் சுத்திப்போடுவார்."

"ஆரடா சொல்லப்போறது? ஒரு சனம் இல்லை."

வழுக்கினால் தானே பிடித்து நேராக்குகிற ஏற்பாடு அந்த ட்ரக்கில் இருக்கிறது. அதை நிறுத்த, கார் ஒன்று வளைந்து போகிற படம் போட்ட பொத்தான். சும்மா தட்டினால் பாதிதான் நிற்கும். மஞ்சள் லைட் எரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். பின்பக்கம் பாரமாக இருக்கட்டும் என்று அண்ணை ஏற்றிவைத்த எட்டு உப்பு மூட்டைகளையும் இறக்கி, லைட் கம்பத்தடியில் அடுக்கினோம். வால் லேசானால்தான் நன்றாகச் சுற்றும்.

முதலில் நான் ஓட்டினேன். கடை, கம்பம், வீதி, மறுபடி கடை என்று எல்லாம் ஜன்னலில் பறந்தன. கூட்டாளி கீழே நின்று தன் போனில் படம் எடுத்தான். அடுத்து அவன் ஏறினான். என் போன் குளிரில் செத்துப்போயிருந்தது. அவனுடைய போனை வாங்கி நான் எடுத்தேன். மூன்றாவது சுற்றில், பனிக்குள் மறைந்திருந்த சீமெந்துத் திட்டில் ட்ரக்கின் முன்சில்லு அடித்தது. சில்லு உள்ளே மடிந்து நின்றது.

"அத்தான் கொல்லுவார்டா."

"உன்னை ஏன்? உனக்கு அக்கா இருக்கிறா. என்னைத்தான்."

"றோட்டில வழுக்கினது எண்டு ரெண்டு பேரும் சொல்லுவம். என்ன?"

"ஓம்."

அவனிடம் கையுறை இல்லை. என் கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன்.

இழுவை வண்டியில் ட்ரக்கை அண்ணை வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினோம். அண்ணை குனிந்து சில்லைப் பார்த்தார்.

"வழுக்கினா என்ன செய்யிறது. உங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

ஏசியிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் பின்பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"உப்பு எங்கை?"

எட்டு மூட்டையும் இன்னும் கம்பத்தடியில்.

கூட்டாளி போனை எடுத்தான். "நான் வேண்டாம் எண்டனான், அத்தான்" என்று வீடியோவைக் காட்டினான். அதில் நான் ஜன்னலால் தலையை நீட்டி, "அண்ணைக்குக் காட்டிப்போடாத!" என்று கத்திக்கொண்டு சுற்றினேன். அடுத்த வீடியோவைத் தள்ளிக் காட்டுவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். போன் பொக்கெட்டுக்குள் போனது.

"அண்ணை, அடிச்சது நானில்லை. மற்றதையும் பாருங்கோ."

"மற்றது இருக்கோடா?" என்று அண்ணை அவனைக் கேட்டார்.

"ஒண்டுதான் எடுத்தது."

என் கையுறை இன்னும் அவன் கையில்தான் இருந்தது. ஜன்னல் திரையை விலக்கி அவனுடைய அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை அங்கே ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். திறப்பைக் கொடுத்தேன்.

நான் இருக்கிற மொன்ட்ரியால்-நோருக்குத் திரும்பிப் போனைச் சார்ஜில் போட்டேன். அவனுக்குப் பகிடியாக மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அழித்தேன். கடைசியில், "நான் எடுத்ததை ஏன்டா அழிச்சனி?" என்று மட்டும் அனுப்பினேன்.

அடுத்த நாள் மத்தியானம் பதில் வந்தது.

"நான் அக்கா வீட்டிலதானேடா சாப்பிடுறன்."