அண்ணியின் வயிற்றெரிச்சல்

என் அண்ணி கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எனக்குச் சுலபம். அடுத்த வீட்டில் புது சோபா வந்தால், தானே போய் உட்கார்ந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்லிவிட்டு வருவாள். சொந்தக்காரர்கள் மாடி எடுத்துக் கட்டினால் சந்தோஷப்படுவாள். ஆண்டவன் எல்லாருக்கும் பொறாமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிட்டு, இவளுக்கு மட்டும் மொத்தத்தையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டான். அந்த இடம் அவள் மகள்.

அண்ணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. கல்யாணமாகி வந்த வருஷமே சேர்ந்தவள். வார்டிலிருந்து தள்ளுவண்டியில் வரும் துணியைப் பிரித்துப் போடுவதுதான் அங்கே முதல் காரியம். காய்ச்சல் வார்டுத் துணி கொதிக்கிற தொட்டிக்குப் போகும். கம்பளியைத் தனியாக எடுத்துப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் சுருங்கிச் சாக்கு மாதிரி ஆகிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அண்ணிதான்.

வீட்டிலும் அவள் துணி மடிக்கிற விதம் தனி. படுக்கை விரிப்பின் இரண்டு மூலையை அவள் பிடிப்பாள், மற்ற இரண்டை மகள் பிடிப்பாள். விறைப்பாக இழுத்து ஒரு உதறு உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து மூலையோடு மூலை சேர்ப்பார்கள். மறுபடி விலகிப் போவார்கள். இருவரும் மனம்விட்டுப் பேசுவது அந்த நேரத்தில்தான். அதே வீட்டின் பின்பக்க அறையில் இருக்கும் எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டால், இன்று துணி காய்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

மகளை நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். படிப்பு முடித்த கையோடு ஒரு பால் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஊர் தூரம். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் போய் இறங்கலாம். பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க இவ்வளவு படிப்பா, நம் வீட்டு டீயைக் குடித்துவிட்டு நானே சொல்லிவிடுவேனே என்று அண்ணன் கேலி செய்தார். அண்ணி சிரிக்கவில்லை. பெட்டியில் மகளின் துணிகளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறை அமைந்தது. கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பேசினால் காதில் தேன் ஊற்றுகிற மாதிரி இருக்கும். மகளை விட்டுவிட்டுத் திரும்பிய அன்று, நல்ல மனுஷி, சாமியே காட்டிய இடம் என்று அண்ணி பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த நல்ல மனுஷி நல்ல மனுஷியாகவே இருந்ததுதான் வினையாகிவிட்டது.

தினமும் போனில் சாப்பிட்டாயா என்று அண்ணி கேட்பாள். ஒருநாள், பெரியம்மா கொடுத்தாங்க, சாப்பிட்டேன் என்று பதில் வந்தது. எந்தப் பெரியம்மா என்று கேட்டாள் அண்ணி. வீட்டுக்காரம்மாவைத்தான் அப்படிக் கூப்பிடுகிறேன் என்றாள் வாலு. போனை வைத்துவிட்டு அண்ணி நேராக அண்ணனிடம் வந்தாள்.

"எங்கம்மாவுக்கு நான்தான் மூத்தவ. எனக்கு முன்னாடி ஒருத்தியப் பெத்து எங்கயாவது ஒளிச்சு வெச்சிருந்தாங்களா?"

"இருந்தாலும் இருக்கும். உங்கம்மா ரொம்ப அழுத்தமான ஆளு" என்று அண்ணன் பேப்பரைத் திருப்பினார். அன்று அவருக்கு டீ கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போனும் ஒரு முள். பெரியம்மா சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தார். பெரியம்மா கூடவே கடைக்கு வந்தார். மேனேஜர் சிடுசிடு என்று விழுந்தால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பெரியம்மா பேசிக் காட்டினார். பித்தானைக்கூட அண்ணி பொறுத்துக்கொண்டாள். மேனேஜர் விஷயம்தான் அவளைச் சுட்டுவிட்டது. என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மேனேஜர்கிட்ட எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியாதுதான், பாப்பா. ஆனா என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல."

எனக்குத் தலை நரைத்துவிட்டது. இன்னும் இந்த வீட்டில் நான் பாப்பாதான். மகள் நன்றாக இருக்கிறாளே, அதற்கு நன்றி சொல்லு அண்ணி என்றேன். நன்றி சொல்லிக்கொண்டேதான் எரிகிறது என்றாள்.

துணி மடிக்க இப்போது என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு அந்த உதறு வரவில்லை. "பொணத்துக்குப் போத்துற மாதிரி பிடிக்காத" என்று என் கையிலிருந்து மூலையைப் பிடுங்கி, ஜன்னல் கம்பியில் முடிந்து, தனியாக இழுத்து மடித்தாள். ஜன்னல் கம்பி அவளோடு நடந்து வராதே. ஓரங்கள் கோணிக்கொண்டு போயின.

ஒருநாள் மத்தியானம் வீட்டுக்காரம்மாவே போன் செய்தார். வாலுவுக்குக் காய்ச்சல் வந்து இப்போது இறங்கிவிட்டதாம். டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, கவலைப்பட வேண்டாம் என்றார். அண்ணி மரியாதையாக, ரொம்ப நன்றிங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காய்ச்சல் அங்க வந்து, அங்கயே எறங்கியும் போச்சு. சேதி மட்டும் எனக்கு."

மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். அந்த ஊரில் பெண்கள் விடுதி ஒன்று இருப்பதாக ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அண்ணியிடம் சொல்லியிருந்தாள். மகளை அங்கே மாற்றாமல் திரும்புவதில்லை என்று அண்ணி முடிவெடுத்திருந்தாள். அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, நீ கூடப் போ, இல்லாவிட்டால் வீட்டுக்காரம்மாவையும் விடுதியில் சேர்த்துவிட்டு வருவாள் என்றார். எனக்குப் பஸ்ஸில் முழுக்க ஒரே வேண்டுதல்தான். சாமி, அண்ணி வாயைக் கட்டு. அங்கே போய் ஏதாவது சொல்லிவிடப் போகிறாள்.

ஆண்டவன் வாயைக் கட்டினான். கையை மறந்துவிட்டான்.

வாலு கீழ்வீட்டில், வீட்டுக்காரம்மாவின் கட்டிலில் படுத்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கழுத்துவரை ஒரு பழுப்புக் கம்பளி. எங்களைப் பார்த்ததும் அம்மா என்று எழுந்து கட்டிக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் அண்ணியின் முகத்தில் பழைய வெளிச்சத்தைப் பார்த்தேன். அப்புறம் வீட்டுக்காரம்மா கம்பளியைப் பற்றிச் சொன்னார். கணவரோடு இந்த ஊருக்கு வந்த புதிதில், அவர் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். அவர் போன பிறகு பெட்டியைவிட்டு எடுக்கவே இல்லையாம். இவள் குளிரில் நடுங்கியதைப் பார்த்து மனது கேட்காமல் எடுத்தாராம். சொல்லும்போதே வாலுவின் காலருகே அதை இழுத்துச் சரிசெய்தார். அண்ணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டபின் வாலு மாடிக்குப் போய்த் தூங்கினாள். வீட்டுக்காரம்மா மருந்துக் கடைக்குப் போனார். காய்ச்சல்காரி படுத்த துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிடுகிறேன் என்று அண்ணி கட்டிலில் இருந்ததையெல்லாம் உருவினாள். நல்லதுதானே என்று நான் பாத்திரம் கழுவப் போனேன். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அவள் இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஆவி பறக்கிற தொட்டியில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சூடு பொறுக்காமல் கால் மாற்றி மாற்றி அண்ணி மிதித்துக்கொண்டிருந்தாள். சோப்பு நுரைக்கு நடுவே பழுப்பாக ஒரு ஓரம் தெரிந்தது.

"அண்ணி, அது கம்பளி" என்றேன்.

"காய்ச்சல் துணி" என்றாள். தலை நிமிரவில்லை. மிதிப்பதையும் நிறுத்தவில்லை.

கொடியில் போட்டபோது அது பாதியாகியிருந்தது. கால் மிதி மாதிரி தடித்து, விறைத்துத் தொங்கியது. வீட்டுக்காரம்மா வந்து பார்த்தார். ஓரத்தைப் பிடித்து நீட்டிப் பார்த்தார், அது நீளவில்லை. பரவாயில்லைங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது என்றார், அதே தேன் குரலில். ஆமாங்க, அவசரத்தில் கவனிக்கவில்லை என்றாள் அண்ணி.

அதற்குள் வாலு மாடிப்படியில் இறங்கி வந்திருந்தாள். கொடியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். சிவந்துபோயிருந்த அம்மாவின் பாதங்களையும் பார்த்தாள்.

"நீ என்ன வேலை பாக்கறேன்னு பெரியம்மாவுக்கு வேணும்னா தெரியாம இருக்கலாம். எனக்குத் தெரியும்மா."

அண்ணியின் உதடு துடித்தது. ஆண்டவன் கட்டியிருந்த வாய் அங்கேதான் அவிழ்ந்தது.

"ஆமாடி, தெரிஞ்சுதான் செஞ்சேன். காய்ச்சல் வந்தா என்னைக் கூப்பிடத் தோணலையா உனக்கு? போத்தி விட நான் இல்லையா? நான் செத்தா போயிட்டேன்?"

நான் வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"அவ கூப்பிடணும்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னு தடுத்தேன். அம்மா பதறுவாங்கன்னு சொன்னேன்." புடவைத் தலைப்பை மடியில் நீவிவிட்டுக்கொண்டார். "அது சாக்குங்க. நீங்க வந்துட்டா, இவளை நான் எப்படிப் பாத்துக்க முடியும்?"

சொல்லிவிட்டுக் கொடியில் தொங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்த வாலுவுக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது.

"என்னை என்ன படுக்கை விரிப்புன்னு நெனச்சீங்களா? ஆளுக்கு ரெண்டு மூலையைப் பிடிச்சுக்கிட்டு இழுக்கறீங்க. நான் விடுதிக்கும் போகல, இங்கயும் இருக்கல. எனக்கு இடம் நானே பாத்துக்கறேன்."

பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னபடியே, கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு சேர்ந்து வேறு அறை எடுத்துக்கொண்டாள். அண்ணி போனது இன்னொருத்தி கையிலிருந்து மகளை மீட்கத்தான். திரும்பும்போது மகள் இவள் கையிலும் இல்லை. அன்று கிளம்பும் முன் அண்ணி வீட்டுக்காரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை, ஆனால் கேட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தம்மா முகத்தைப் பாத்தியா, பாப்பா? எம்முகம் மாதிரியே இருந்துச்சு."

அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிநேகம் என்று சொன்னால் பொய். வாரம் தவறாமல் போனில் பேசிக்கொள்கிறார்கள். உங்களுக்குப் போன் பண்ணாளா என்றுதான் முதல் கேள்வி. இன்று காலை பண்ணினாள் என்று அண்ணி சொன்னால், அப்படியா, எனக்கு நேற்றே பண்ணிவிட்டாளே என்று அந்தப் பக்கம் பதில் வரும். அன்று முழுக்க எங்கள் வீட்டில் பாத்திரங்கள் அடிபடும். அடுத்த வாரம் அண்ணி முந்திக்கொண்டால், குரலில் தேன் ஒழுகப் பேசுவது இவள் முறை.

போன வாரம் புதுச் செய்தி வந்தது. கூட இருக்கும் பெண் சுருட்டை முடிக்காரியாம். வாலு போனில் வாய் ஓயாமல் அவளைப் பற்றியே பேசினாளாம். அவள் முட்டைப் பொரியல் செய்தால் தட்டை நக்கலாமாம். வாலுவின் முடியைக்கூட அவள்தான் வெட்டிவிட்டாளாம். அந்த முடியைப் பதினெட்டு வருஷம் பின்னிவிட்ட கை அண்ணியுடையது. அவள் உடனே பழைய வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டாள். இருவரும் சண்டையே போடாமல் வெகுநேரம் குசுகுசு என்று பேசினார்கள்.

நேற்று மறுபடி அழைப்பு வந்தது. அந்தம்மா இனிப்புப் பொட்டலத்தைச் சாக்கு வைத்து, அறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"முட்டை அடியில பிடிச்சுக் கருகிப்போச்சாம், பாப்பா. அந்தச் சுருட்டைக்கு அடுப்பைக் குறைக்கவே தெரியலயாம்."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அண்ணன் பேப்பரை இறக்கி அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.