ஜாடை பார்க்க விடாத ஸ்டெல்லா அண்ணி

கேமரன் மலையின் பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் கணவர் சேவியர் போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க" என்றார். நான் அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளி வேன் ஓட்டிய சேவியரின் அக்காவை, என் ஸ்டெல்லா அண்ணியை, நம் தேயிலைத் தோட்டத்தில் அறியாதவர் யார்? உங்கள் பிள்ளைகளையும் அதட்டி ஏற்றியவர்தான். எங்களுக்கு அவர் செய்தது மட்டும் உங்களுக்குத் தெரியாது. மகள் ஏஞ்சலினிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்குக் காரணம் சேவியரின் உடல்குறை என்று ஈப்போ டாக்டர் சொன்னார். முகம் தெரியாத ஒருவர் தானமாகத் தந்த விந்தணுவால் நான் கருத்தரிக்கலாம் என்றார். சேவியர் மாதா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். "வேற ஒருத்தன் புள்ளைக்கு நான் எப்படிக்கா அப்பனாவேன்?" என்று அக்காவிடம் அழுதார்.

அண்ணி வேன் சாவியை எடுத்தபடியே கேட்டார்: "ஒனக்குப் புள்ள வேணுமா, இல்ல ஆம்பளன்னு ஊருக்குக் காட்டணுமா? ரெண்டுல ஒன்னு சொல்லு லா. ஸ்கூல் விட்டிரும்."

பிறகு அவரே எங்களை ஈப்போவுக்கு ஓட்டிச் சென்றார். மலைப்பாதையின் வளைவுகளில் நான் வாந்தி எடுத்தேன். "போறதுக்கு முன்னயே மசக்கையா?" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சேவியர் சிரித்தார்.

ஏஞ்சலின் பிறந்தாள். அவளது ஞானஸ்நானத்தன்று, தொழிலாளர் லயத்துப் பெண்கள் வழக்கம்போலக் குழந்தையின் ஜாடையைப் பங்கு போட்டார்கள். மூக்கு யாருடையது, காது யாருடையது என்று. "சேவியர் ஜாடை கொஞ்சங்கூட இல்லியே" என்றாள் ஒருத்தி. சேவியர் மெல்ல எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார். அண்ணி பொய் சொல்லி மழுப்பவில்லை.

"ஜாடை பாக்க வந்தீங்களா, புள்ள பாக்க வந்தீங்களா?"

கேட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தம்பி கையில் கொடுத்தார். "தூக்கம் வருது அவளுக்கு. அப்பன் தட்டிக்குடுத்தாத்தான் தூங்குவா." அது உண்மைதான். குழந்தை தூங்கியது. பெண்களின் பேச்சு பிரியாணிப் பக்கம் திரும்பியது.

ஏஞ்சலினுக்கு விவரம் புரியும் வயதில் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் நேரே அத்தையிடம் ஓடினாள். "அப்ப நீங்க எனக்கு யாரு?" என்று கேட்டாளாம். "அத்த. வேன்ல ஏறு, நேரமாச்சு" என்றாராம் அண்ணி.

அடக்கத்தின்போது கோயில் பெரியவர், "ரத்த சொந்தமெல்லாம் முன்னால வந்து மண்ணு போடுங்க" என்றார். ஏஞ்சலின் என் பக்கத்திலேயே தயங்கி நின்றாள். சேவியர் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தார்.

"வாம்மா. நம்ம அத்தைக்கு நாமதான் மொதல்ல போடணும்."

அண்ணி எனக்கு விட்டுப்போனது இவரைத்தான். அன்று குழாயடிக்கு ஒதுங்கியவரை, இன்று ஊர் பார்க்க மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகும் ஏஞ்சலினின் அப்பாவை.