திருப்பி மாட்ட மறந்த வரைபடம்

எனக்குக் கோபம் வந்தால் கணினியோடு சண்டை போடுவேன். அன்று காலையிலிருந்தே அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அத இன்னாத்துக்கு இந்தத் திட்டு திட்ற? அதுக்குக் காது கேக்குமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உனக்குக் கேக்குதில்ல, அது போதும்" என்றேன்.

அவர் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவர். நான் அதே குப்பத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து கெர்னல் எழுதுபவள். கணினியில் மற்ற ப்ரோகிராம்களையெல்லாம் கட்டி மேய்க்கிற மென்பொருள்தான் கெர்னல். வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கம்பெனியில் சில மாதங்கள் விட்டிருந்தார்கள். "இந்த ஒரு பிரச்சினையை முடித்துக் கொடுங்கள், அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் பெங்களூருக்கு வந்துவிட வேண்டியதுதான்" என்று எங்கள் மேலாளர் அம்மா சொல்லியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஒரே வீட்டில் இருந்ததே அந்தச் சில மாதங்கள்தான். அவரை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

பிரச்சினை இதுதான். கடிகாரத்தை மாற்றுவது போன்ற சில வேலைகளைக் கெர்னல் தானே செய்யாமல், கணினியின் போர்டிலேயே பதித்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லும். மெமரியில் எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் ஒரு வரைபடம் உண்டு. ஃபர்ம்வேருக்கும் தனியாக ஒன்று. கூப்பிடுவதற்கு முன் ப்ரோகிராமின் வரைபடத்தைக் கழற்றி ஃபர்ம்வேருடையதை மாட்ட வேண்டும். அந்தப் பகுதி நான் எழுதியது. நேரம் அழகாக மாறியது. உடனே கணினி உறைந்து போனது.

பழியை ஃபர்ம்வேர் மேல் போட்டுவிட்டு அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். பிறகு சலித்துப்போய், உறைவதற்கு முன் கணினி கக்கியிருந்த வரிகளை நிதானமாகப் படித்தேன். செயலற்று விழுந்தது வேறு யாருமில்லை, நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்ட அதே ப்ரோகிராம். வேலை முடிந்து திரும்பி வந்தால் அதன் வரைபடத்தைக் காணோம். ஃபர்ம்வேருடையது அப்படியே மாட்டிக் கிடந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. இறால் நன்றாக விழும் இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வோம். முறை முடிந்தவர் தன் கழிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்தவர் தன்னுடையதை ஊன்றிக்கொள்வார். முந்தினவர் வலையை யாரும் திரும்பக் கட்டிக் கொடுப்பதில்லை. இதைப் பார்த்தே வளர்ந்த நான், அடுத்து வருகிற ப்ரோகிராம் தன் வரைபடத்தைத் தானே மாட்டிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். ஆனால் இங்கே முறையே மாறவில்லை. கேட்டவன் அங்கேயேதான் காத்துக்கொண்டிருக்கிறான்.

முதலில் இருந்த வரைபடம் எது என்று நினைவில் வைத்து, ஃபர்ம்வேர் திரும்பியதும் அதையே மாட்டச் செய்தேன். சில வரிகள்தான். நேரத்தை மாற்றினேன். உறையவில்லை. மறுபடி மறுபடி மாற்றினேன். அடுப்பில் குழம்பு தீய்ந்தது, பரவாயில்லை.

சாயங்கால வீடியோ கூட்டத்தில், திருப்பி மாட்டுவதை ஏன் விட்டீர்கள் என்று மேலாளர் அம்மா கேட்டார். ஏரியின் பாடு வழக்கத்தைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இந்தத் தப்பைப் பெங்களூரில் யாராலும் செய்ய முடியாது. அங்கேயே இருங்கள்" என்றார்.

கரைக்கு ஓடினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

"இன்னாய்யா, சந்தோசம் இல்லியா?"

"அதில்லமே. நீ போய்டுவேன்னு நெனச்சேன். நானும் உங்கூடவே வந்துர்லாம்னு இந்த வருசம் என் பாடு மொறைய என் தம்பிகிட்ட குட்த்துட்டேன்."

காய்ச்சலில் கிடந்தாலும் தன் பாடு முறையை விடாத மனுஷன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், எது எதென்று தெரியவில்லை.

அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். "அப்பறமா அழுவலாம் வாம்மே. தம்பி ஊரக் கூட்டி சொல்றதுக்குள்ள போய் பாட்டத் திருப்பிக் கேக்கணும்."