வெளிச்சத்தைத் தின்ற கூரை

அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். படம் எடுக்கக் கண்டிக்குப் போக வேண்டும். கண்டிக்குப் போகிற பஸ்ஸை வழியில் நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்கள். சண்டை நடந்த அந்த வருடங்களில் ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அட்டையில்லாத பையன்கள் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணனும் அவர்களில் ஒருவன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்தவன் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டான். கடை முதலாளி போய்ப் பேசி வெளியே எடுத்தார். அட்டையோடு வந்தால்தான் இனி வேலை என்று சொல்லி, தெரிந்த ஒருவரின் மரக்கறி லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தவன் எங்கள் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியே இறங்கவேயில்லை.

அடுத்த வாரச் சனிக்கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை, படத்தோடு வந்தால் அங்கேயே விண்ணப்பம் எடுப்பார்கள் என்று கிராம சேவகர் சொல்லியனுப்பினார். அம்மாவின் தம்பியான மாமா கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தார். முதலாளியைக் கெஞ்சி, ஒரு பழைய கமராவையும் அதன் தலையில் செருகுகிற பிளாஷையும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார்.

வாசலில் வைத்து எடுத்திருந்தால் பிளாஷே தேவைப்பட்டிருக்காது. ஆனால் எதிர் மலையில் இராணுவக் காம்ப் இருந்தது. கமராவோடு வெளியே நின்றால் காம்பைப் படம் பிடிக்கிறோம் என்று வந்துவிடுவார்கள். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு, நாங்கள் சமைத்து உண்டு உறங்கிய அந்த ஒற்றைக் காம்பராவுக்குள்ளேயே எடுப்பதென்று முடிவாயிற்று.

மாமாவுக்குக் கமராவை அழுத்தத் தெரியும். பிளாஷைப் பற்றி ஒன்றும் தெரியாது. கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தை என் மடியில் போட்டார்.

"வாசிங்க வாத்தியாரம்மா. ஒன்னைய எதுக்குப் படிக்க வைக்குது ஒங்கம்மா?"

எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் நிலைத்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையை யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. பாதி புரிந்தது, மீதியைப் படங்களைப் பார்த்து ஊகித்தேன். பட்டரி போட்டதும் கொசு பாடுவது போல ஒரு சத்தம் எழுந்தது. சிவப்புப் புள்ளி எரியும்வரை அழுத்தக் கூடாது என்று வாசித்துச் சொன்னேன். மாமா சுவரைப் பார்த்து ஒருமுறை அடித்தார். எல்லோருக்கும் கண் கூசியது. அம்மா கதவிடுக்கில் முகத்தை வைத்துக் காம்பைப் பார்த்தாள்.

"வெளிய தெரியுமாடா தம்பி?"

"தெரிஞ்சா மின்னல்னு நெனச்சுக்குவானுங்க. மழதானே பேயிது."

மாமாவுக்கு வேறொரு கவலை. "நேரா அடிச்சா காதுக்குப் பின்னால நெழலு விழும். நெழலு விழுந்த படத்தைத் திருப்பி அனுப்புறாங்க. கடையிலயே பாத்திருக்கேன்."

அதற்கும் புத்தகத்தில் வழி இருந்தது. பிளாஷின் தலையை மேலே திருப்பினால் வெளிச்சம் முகட்டில் பட்டு மெதுவாகக் கீழே இறங்கும், நிழல் விழாது. கிளுக்கென்று நானே திருப்பிவிட்டேன். அண்ணன் முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து உட்கார்ந்தான். வெளிச்சம் மேலே போனது. கீழே இறங்கியதா என்று யாரும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை மாமா கழுவிய படங்களோடும் அதே கமராவோடும் வந்தார். எதிலும் அண்ணன் இல்லை. இருட்டுக்குள் இரண்டு கண்களின் வெள்ளையும் சட்டைக் கொலரின் ஓரமும் தெரிந்தன.

"இதக் குடுத்தா விசாரிக்காமலே உள்ள போட்டுருவானுங்க" என்றான் அண்ணன்.

"மொதலாளி கேட்டாரு, ஒங்க வீட்டுக் கூரை என்ன நெறம்டான்னு" என்றார் மாமா.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அடுப்புப் புகை குடித்த தகரம் தார் போல மினுங்கியது. இப்படியொரு கூரைக்குக் கீழே மனிதர்கள் இருப்பார்கள் என்று அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அதற்குக் கீழேயே இருந்த எனக்கும் தோன்றவில்லை.

வீட்டில் வெள்ளையென்று இருந்தது என் பள்ளிக்கூடச் சட்டை மட்டும்தான். கதிரையில் ஏறி, பிளாஷுக்கு மேலே அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். எடுத்ததை வெட்டிக் கழுவியபின் பிலிமில் மிச்சம் கொஞ்சம்தான். கொசுச் சத்தம் மெலிந்துகொண்டே போனது, புள்ளி எரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழே ரோட்டில் ஜீப் ஒன்று வேகம் குறைத்தது. அண்ணனின் கண்கள் கதவுக்குப் போயின.

"இங்க பாரு. சிரிக்காத, அழுவாத, சும்மா இரு" என்றார் மாமா தாழ்ந்த குரலில்.

சட்டை தொய்யாமல் இன்னும் இழுத்துப் பிடித்தேன். ஜீப் போய்விட்டது. புள்ளி எரிந்தது. இம்முறை வெளிச்சம் சட்டையில் பட்டு, பால் கொட்டியது போல அண்ணன் மேல் இறங்கியதை நானே பார்த்தேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. படத்தைக் கழுவிக்கொண்டு வரக் கண்டிக்குப் போன மாமாவைக் காணவில்லை. அம்மா பின்னால் நின்றவர்களையெல்லாம் முன்னால் போகச் சொன்னாள். கடைசியில் மாமா மேட்டில் மூச்சிரைக்க ஓடிவந்தார். பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிப் பார்த்தார்களாம். படத்தில் இரண்டு காதும் தெரிந்தன, நிழல் இல்லை. அம்மா என் சட்டைக்குச் சலவையில் தாராளமாகப் போட்டிருந்த நீலத்தால் அண்ணனின் முகம்தான் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. விண்ணப்பம் எடுத்த ஐயா ஒருமுறை படத்தையும் ஒருமுறை அண்ணனையும் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அம்மா மாமாவிடம், "தம்பி, இதையே பெருசா ஒன்னு போட்டுத் தாடா. மூஞ்சி நல்லாத் தெரியணும்" என்றாள்.

நான் பிடித்த வெளிச்சம் சுவரில் தொங்கப்போகிறது என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பெரிய படமும் வந்தது. அம்மா அதை மாட்டவில்லை. பிளாஸ்டிக் உறையில் சுற்றி, தகரப் பெட்டியின் அடியில் வைத்தாள். அட்டை வந்து, அண்ணன் மறுபடி கொழும்புக்குப் போனான். அவன் பஸ் ஏறுகிற ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து, அந்தப் படம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிள்ளையைக் காணவில்லை என்று காம்புக்குப் போகிற தாயிடம் முதலில் கேட்பது படத்தைத்தான் என்பதும், கீழ் லயத்திலிருந்து அப்படிப் போன ஒருத்தி காட்டப் படமில்லாமல் கையால் உயரத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள் என்பதும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தன. எனக்கு அப்போது தெரியாது.

"ஏம்மா செவுத்துல மாட்டல?"

"தேவப்படாமலே கெடக்கட்டும்டி."

அவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தைத் தேவையில்லை என்று சொல்லிவிட்டாளே என்று அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.